டி.சி.யில் கையெழுத்திடுவதற்கு முன்

கேள்வி: அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிளஸ் 1 மாணவி ஒருத்தி, மாணவியர் கழிப்பறையின் நிலையைக் கைப்பேசியில் படம்பிடித்து, அன்று இரவு வீட்டிலிருந்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். குழாயில் தண்ணீர் வராததும், கதவில் தாழ்ப்பாள் இல்லாததும், வாளி உடைந்து கிடப்பதும் அதில் தெரிகின்றன. "ஆண்டு விழாப் பந்தலுக்குப் பணம் இருக்கிறது, எங்கள் தாழ்ப்பாளுக்கு இல்லையா?" என்று எழுதியிருக்கிறாள். ஓரிடத்தில், கை கழுவ நிற்கும் இன்னொரு மாணவியின் பக்கவாட்டு முகம் தெரிகிறது. பதிவின் கீழே எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் ஓர் ஆசிரியையின் உடலைக் கேலி செய்து எழுதியிருக்கிறான். வீடியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவளுக்கு உடனே டி.சி. கொடுக்க வேண்டும், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும், சைபர் கிரைமில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார் பள்ளிச் செயலர். கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அவள் சொன்னது பொய்யில்லை என்பதும் எனக்குத் தெரியும். சட்டப்படி எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, என்ன கடமை இருக்கிறது?

– ஒரு தலைமையாசிரியை, தென் மாவட்டம்

மதிப்புக்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

டி.சி.யில் கையெழுத்திடாதீர்கள். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் செயலர் இன்னொரு முறை கேட்டுவிடக்கூடும் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிட்டேன். காரணங்களை இனி விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னொரு தலைமையாசிரியையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளத்தின் கிடங்கூரில் 1985இல் நடந்தது அது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் பத்தாம், ஒன்பதாம், ஐந்தாம் வகுப்புகளில் படித்தார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். காலை வழிபாட்டில் தேசிய கீதம் பாடப்படும்போது மற்றவர்களோடு எழுந்து மரியாதையாக நிற்பார்கள். பாட மட்டும் மாட்டார்கள். அவர்களுடைய மத நம்பிக்கை அப்படி. ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்துச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிள்ளைகள் ஒழுங்காக நடப்பவர்கள், கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்றே அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. இருந்தும், கல்வித் துறையின் துணை ஆய்வாளர் அறிவுறுத்தினார் என்பதற்காக, ஜூலை 26 அன்று தலைமையாசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் உத்தரவு வரும்வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தகப்பனார் கேட்டார். தன்னால் இயலாது என்று சொல்லிவிட்டார் அந்த அம்மையார்.

அந்தப் பிள்ளைகள் மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மேலிடத்தில் சொன்னார்கள், கையெழுத்திட்டார். இன்று உங்களிடமும் அதைத்தான் கேட்கிறார்கள்.

கேரள உயர் நீதிமன்றத்தில் பிள்ளைகள் தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11 அன்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு. பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு என்பது வழக்கின் பெயர். சட்டக் கல்லூரிகளில் இதைப் பெரும்பாலும் மத உரிமை வழக்காகப் பாடம் நடத்துகிறார்கள். பள்ளி நிர்வாகம் செய்பவர்கள் இதில் படிக்க வேண்டிய பகுதி வேறு. எந்தச் சட்டத்தின்படி நீக்கினீர்கள் என்பதே அந்தத் தீர்ப்பின் மையக் கேள்வி. பள்ளியின் தரப்பில் காட்ட முடிந்தவை, கல்வித் துறை 1961இலும் 1970இலும் அனுப்பிய சுற்றறிக்கைகள் மட்டுமே. அவற்றுக்குச் சட்டத்தின் வலு கிடையாது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அரசியலமைப்பின் 19(2) பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும், அதுவும் முறையாக இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக வர வேண்டும், அதிகாரியின் அறிவுறுத்தல் போதாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மூன்று பிள்ளைகளையும் மீண்டும் சேர்த்துக்கொண்டு, தடையின்றிப் படிக்க வசதி செய்து கொடுக்கவும் ஆணையிட்டது. பேசும் உரிமையில் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்றது. இதை நினைவில் வையுங்கள். மன்னிப்பு விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது 19(2) பிரிவைப் புரட்டிப் பாருங்கள். நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கநெறியும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவையே அங்கே உள்ளன. பள்ளியின் நற்பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. செயலர் எதையாவது பற்றிக்கொள்ள முடியுமென்றால் அது அவதூறு மட்டும்தான். அதற்கும் உங்கள் மாணவியிடம் பதில் இருக்கிறது. அதைக் காவல் துறைப் புகார் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

"அவள் மைனர், அவளுக்கு ஏது பேச்சுரிமை?" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கிடங்கூர்ப் பிள்ளைகளில் இளையவள் ஐந்தாம் வகுப்பில் படித்தவள். 19ஆவது பிரிவு "எல்லாக் குடிமக்களுக்கும்" என்றுதான் தொடங்குகிறது, வயது வரம்பு வைக்கவில்லை. "இது தனியார் நிர்வாகம், அரசியலமைப்பு அரசுக்குத்தான் பொருந்தும்" என்பது அடுத்த வாதமாக வரும். உங்கள் பள்ளி அரசின் பணத்தில் சம்பளம் கொடுத்து, கல்வி என்ற பொதுக் கடமையைச் செய்யும் நிறுவனம். அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் அதன் மீது ரிட் மனு, அதாவது உரிமையை நிலைநாட்டக் கோரும் நேரடி மனு, தாக்கல் செய்யலாம். போதாக்குறைக்கு, 19, 21 ஆகிய பிரிவுகள் தரும் பேச்சுரிமை, வாழ்வுரிமை போன்றவற்றை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்ட முடியும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ரிட் மனு வந்தால் எதிர்மனுதாரர் பட்டியலில் உங்கள் பதவியின் பெயர் இருக்கும். உத்தரவில் யார் கையெழுத்து என்றுதான் நீதிபதி முதலில் பார்ப்பார். செயலர் தொலைபேசியில் சொன்னது எந்தக் கோப்பிலும் இருக்காது.

உங்கள் மாணவி எட்டாம் வகுப்பிலோ அதற்குக் கீழோ படித்திருந்தால் பேச்சே இல்லை. எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 16ஆவது பிரிவில் திட்டவட்டமாகச் சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பள்ளி எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பிளஸ் 1 மாணவிக்கு அந்தச் சட்டத்தின் நேரடிக் காப்பு இல்லாததால்தான், உங்கள் நடவடிக்கைக்கு விதி ஆதாரமும் நியாயமான விசாரணையும் இருந்தனவா என்ற கேள்வி இன்னும் கூர்மையாக எழும்.

பெற்றோரைக் கூப்பிட்டு, "நீங்களாகவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள், நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று போட்டுத் தருகிறோம், இல்லாவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடும்" என்று சொல்லும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டி மிரட்டி வாங்கும் விண்ணப்பம், பெற்றோரின் விருப்பம் ஆகாது. என் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள், பெரும்பாலும் இரண்டு நாள் தூங்காத முகத்தோடு. தயவுசெய்து அந்த வழியை யாருக்கும் யோசனையாகக்கூடச் சொல்லாதீர்கள்.

அடுத்து, வழிபாட்டுக் கூட்டத்தில் மன்னிப்பு. இதற்கு நீங்கள் உடன்படவே கூடாது. பதினெட்டு வயது நிறையாதவர் எல்லோரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தைகள். ஒரு குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அதற்குத் தேவையற்ற மன வேதனையோ உடல் வேதனையோ உண்டாகும்படி நடத்தினால் 75ஆவது பிரிவின்கீழ் குற்றம். குழந்தைகளின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் ஒப்படைத்த நிறுவனத்தில் வேலை செய்பவரோ அதை நடத்துபவரோ அதைச் செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பள்ளி அந்த வரையறைக்குள் வருமா என்று நீதிமன்றத்தில் வாதிடலாம்தான். அந்த வாதத்தை நடத்தும் நிலைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்? நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையில் நிற்க, பதினாறு வயதுப் பெண்ணை மைக்கின் முன் நிறுத்தி, உண்மையைச் சொன்னதற்காக வருந்துகிறேன் என்று சொல்ல வைப்பது எனக்கு நினைக்கவே பொறுக்கவில்லை. பாட மறுத்த பிள்ளையைப் பாட வைக்கக் கூடாது என்று சொன்ன தீர்ப்பின் தர்க்கம், மனத்தில் இல்லாத மன்னிப்பை வாயில் திணிப்பதற்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

காவல் துறைப் புகாருக்கு வருகிறேன். சமூக ஊடகப் பதிவுக்காகக் கைது செய்ய முன்பு கைகொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இப்போது இல்லை. 2012இல் மும்பையை அடுத்த பால்கரில் இரண்டு இளம்பெண்கள் ஒரு முகநூல் பதிவுக்காகக் கைதானார்கள். ஒருவர் எழுதியவர், மற்றவர் அதற்கு விருப்பக்குறி இட்டவர். அதைத் தொடர்ந்து ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் போட்ட வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று நீக்கியது. விவாதிப்பதும், ஒரு கருத்தை வலியுறுத்துவதும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் உரிமைக்கு உட்பட்டவை. தூண்டுதல் என்ற கட்டத்தை எட்டினால்தான் சட்டம் தலையிடலாம் என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. மிச்சம் இருப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு, அதாவது அவதூறு. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அவதூறு ஆகாது என்பது அதன் முதல் விதிவிலக்கு. கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்பது உண்மை. உங்கள் கடிதமே சாட்சி. அது பொது நன்மைக்கானதா என்று கேட்டால், அந்தக் கதவைத் தோழி வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள உள்ளே போகும் ஒவ்வொரு மாணவியும் பதில் சொல்வாள். மேலும், கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ ஒழிய, குழந்தையின் மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கூடாது என்று இளைஞர் நீதி மாதிரி விதிகள் சொல்கின்றன. புகார் நிற்காது. ஆனால் அந்தப் பெண் காவல் நிலைய வாசலை மிதித்த நாள் அவள் மனத்தில் நின்றுவிடும்.

உண்மையில், புகார் யார் மேல் திரும்பும் என்பதைச் செயலர் யோசித்திருக்க மாட்டார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு இருக்க வேண்டியவையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. எல்லாப் பள்ளிகளிலும் இந்த வசதிகளை ஆறு மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் மாணவி படம்பிடித்தது நிர்வாகத்தின் சட்டக் கடமை நிறைவேறாமல் கிடந்த இடத்தை.

இனி, உங்களுக்கு அதிகாரம் உள்ள இடங்கள். பள்ளியில் ஒழுங்கைக் காப்பது உங்கள் கடமை. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற விதி உங்கள் பள்ளியில் எழுத்தில் இருந்து, பெற்றோருக்கும் தெரிவிக்கப்பட்டிருந்தால், அதை மீறியதற்கு நடவடிக்கை எடுக்கலாம். சென்ற பருவத்தில் வேறு பிள்ளைகள் கைப்பேசியோடு பிடிபட்டபோது என்ன செய்தீர்களோ, அதையே இவளுக்கும் செய்யுங்கள். அவர்களுக்கு எச்சரிக்கை, இவளுக்கு டி.சி. என்றால், தண்டனை கைப்பேசிக்காக இல்லை, பேச்சுக்காக என்பது யாருக்கும் புரியும். விதி இருப்பதாலேயே எதுவும் செய்யலாம் என்றும் இல்லை. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கைப்பேசிக்குத் தடை போட்டு, ஏற்காத மாணவியை விடுதியிலிருந்து அனுப்பினார்கள். 2019இல் கேரள உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்க்கச் சொன்னது; இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. கைப்பேசியை வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே தேடாதீர்கள். பெற்றோரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடியோவில் முகம் தெரியும் அந்த இன்னொரு மாணவியைப் பற்றி இவ்வளவு பரபரப்பிலும் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கழிப்பறை வாசலில் தன் அனுமதியின்றிப் படம்பிடிக்கப்பட்டு ஊர் முழுக்கப் பார்க்கப்பட்டிருக்கிறாள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அவளுக்கும் சொந்தம். பதிவிட்ட மாணவியை அவளுடைய பெற்றோரோடு அழைத்து, அந்தச் சில வினாடிகளை வெட்டிவிட்டுப் போடும்படி சொல்லுங்கள். முழுப் பதிவையும் நீக்கு என்று சொல்லாதீர்கள். இந்த வேறுபாட்டை நீங்கள் காட்டினால் அவள் புரிந்துகொள்வாள். பிறருடைய உரிமையையும் அன்றே கற்றுக்கொள்வாள்.

ஆசிரியையின் உடலைக் கேலி செய்த மாணவன் விஷயம் முற்றிலும் வேறு. அதில் பொது நன்மையும் இல்லை, உண்மையும் இல்லை; ஒரு பெண்ணின் கண்ணியத்தைக் குலைப்பது மட்டுமே இருக்கிறது. அவன்மீது விசாரித்து நடவடிக்கை எடுங்கள். அந்த ஆசிரியையிடம் போய்ப் பேசுங்கள். முறைப்படி புகார் கொடுக்க விரும்பினால் துணை நில்லுங்கள். அவன் எழுதியதற்காக வீடியோ போட்டவளைத் தண்டிக்காதீர்கள்.

எந்த விசாரணையானாலும் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், பதில் சொல்ல நாள் கொடுங்கள், பெற்றோர் உடனிருக்கட்டும், முடிவுக்குக் காரணம் எழுதுங்கள். முக்கியமாக, டி.சி. கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட செயலர் விசாரணைக் குழுவில் உட்காரக் கூடாது. புகார் சொல்பவரே தீர்ப்பும் சொன்னால், அந்த ஒரு காரணத்துக்காகவே உத்தரவு ரத்தாகும்.

வெளியில் போட்ட பதிவுக்குப் பள்ளி எந்த அளவு தலையிடலாம் என்பதில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சிந்தனை உங்களுக்குப் பயன்படலாம், நம்மைக் கட்டுப்படுத்தாது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து வந்த மாணவர்களை அனுப்பிய வழக்கில், 1969இல், பள்ளியின் வேலைக்குக் கணிசமான இடையூறு ஏற்பட்டதா என்பதை அளவுகோலாக வைத்தார்கள். 2021இல், பள்ளிக்கு வெளியே வார இறுதியில் போட்ட ஸ்னாப்சாட் பதிவுக்குப் பள்ளியின் அதிகாரம் இன்னும் குறைவு என்றார்கள். உங்கள் பள்ளியில் மறுநாள் வகுப்புகள் நடந்தனவா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நடந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் வெளியில் பேசுவது பெரும்பாலும் உள்ளே பேச இடம் இல்லாததால். இன்று கழிப்பறை, நாளை ஓர் ஆசிரியரின் தவறான நடத்தையாக இருக்கலாம். 2021 மே மாதத்தில் சென்னையின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீதான பாலியல் புகார்கள் முன்னாள் மாணவிகளின் சமூக ஊடகப் பதிவுகளாகத்தான் முதலில் வெடித்தன; அதன் பிறகே கைது. அப்படி ஒரு பதிவு கண்ணில் பட்டால், பள்ளியின் பெயரை யோசிக்கும் நேரம் உங்களுக்குச் சட்டத்தில் கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தன்கீழ் வேலை செய்பவர் பற்றிய குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தாழ்ப்பாளைப் பற்றிப் பேசியவளுக்கு டி.சி. கிடைத்ததைப் பார்த்த பிள்ளைகள், அதைவிடப் பெரிய விஷயத்தை உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் அச்சம் தருவது இதுதான்.

இந்த வாரம் இரண்டு கடிதங்கள் எழுதுங்கள். முதலாவது செயலருக்கு: மாணவியை நீக்குவதற்கான விதி எதுவோ அதன் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கும்படியும், அது கிடைக்கும்வரை மாணவி வழக்கம்போல் வகுப்புக்கு வருவார் என்றும். இரண்டாவதும் செயலருக்கே, நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு: கழிப்பறையில் தண்ணீர், தாழ்ப்பாள், வாளி ஆகியவற்றின் இன்றைய நிலை, செய்ய வேண்டிய வேலை, அதற்கான தேதி. தாழ்ப்பாளுக்கு நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருக்காதீர்கள். நாளைக்கே தச்சரை வரச் சொல்லுங்கள். மாணவியின் செய்முறைத் தேர்வு, அக மதிப்பெண் இரண்டையும் நீங்களே நேரில் கவனியுங்கள், பழிவாங்கல் அங்கேதான் ஓசையில்லாமல் நடக்கும். அவளுக்கு நெருக்கடி கூடினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் இருப்பதைப் பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள். சொல்வதால் நீங்கள் நிர்வாகத்துக்குத் துரோகம் செய்தவர் ஆகமாட்டீர்கள்.

இரண்டு கடிதங்களிலும் ந.க. எண் என்னும் அலுவலகக் கோப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும், நகல்களைக் கோப்பில் வையுங்கள். செயலர் எழுத்தில் பதில் தராமல் தொலைபேசியில் மட்டும் மறுத்தால், "தாங்கள் இன்று தொலைபேசியில் கூறியதாவது" என்று தொடங்கி அன்றே இன்னொரு கடிதம் அனுப்புங்கள்.